ஒரு சாண் ஒயர்

கண்ணு, தப்பா நெனச்சுக்காத. அந்த ஊசியையும் நூலையும் சித்த நேரம் பைக்குள்ள எடுத்து வெச்சுக்கறயா? வண்டி இந்தக் குலுங்கு குலுங்குது, எங்கயாச்சும் குத்திரப் போகுது.

இல்ல, அதுக்காக இல்ல. பொய் எதுக்குச் சொல்லோணும்? எனக்கு அதப் பாத்தா ஆகறதில்ல. ஒருத்தரு கை அப்படி ஓயாம ஓடறதப் பாத்தா நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது. நான் வேலாயுதம்பாளையத்துல எறங்கிருவேன். அப்பறம் கரூரு வரைக்கும் நீ பாட்டுக்குப் பின்னிக்க.

என்னது அது, குல்லாவா? யாருக்கு? யாருக்கும் இல்லையா? இந்த வெயில்ல, யாருக்கும் இல்லாம, ஒரு கம்பளிக் குல்லாவா? டாக்டரு கீக்டரு பின்னச் சொன்னாங்களா? சரி சரி, சும்மான்னா சும்மாதான். நான் ஒண்ணும் கேக்கல.

எதுக்குக் கேட்டேன்னா, எங்கூட்டுலயும் ஒரு பின்னல் நடந்துச்சு. உல்லன் நூலு இல்ல, ஒயரு. ஒயர் கூடை தெரியுமில்ல? காய் வாங்கறதுக்குப் பொம்பளைங்க எடுத்துட்டுப் போவாங்களே, அதுதான். அந்தக் கூடை எங்குடும்பத்துக்குப் பண்ணுன வேலைய நெனச்சா இன்னிக்கும் எனக்கு ஆறல.

எங்கூட்டுக்காரரு டிரைவரு. நாச்சிமுத்து டிரைவருன்னா சித்தோடு பக்கம் தெரியாதவங்க இல்ல. தனியார் பஸ்ஸு, காலையில சாவியப் போட்டா பொழுதோடதான் எடுப்பாரு. ஆளு எப்படீங்கற? ஸ்டியரிங்க ஒத்தக் கையில புடிச்சுட்டு இன்னொரு கையில மீசையத் தடவிட்டு வருவாரு. எங்கூரு முக்குல அவரு அடிக்கற ஹாரன வெச்சே நான் சோத்த எறக்கி வெப்பேன். அப்படி இருந்த மனுசன்.

ஒரு நா ஒரு ஸ்கூல் வேன் குறுக்க வந்துருச்சு. இவரு பிரேக்க அமுத்துனாரு. வண்டி நின்னுருச்சு. அவ்வளவுதான் கண்ணு. இடிக்கல, ஒரசல, ஒரு புள்ளைக்கும் ஒரு கீறல் இல்ல. வேன்ல இருந்த புள்ளைங்க இவரப் பாத்துக் கையாட்டிட்டுப் போச்சுங்களாம். அவரே வந்து சொன்னாரு, "கையாட்டிட்டுப் போச்சுங்க வசந்தா"ன்னு. சொல்லிப்போட்டு சோறு உங்காம படுத்துட்டாரு. அடுத்த நா வண்டியில ஏறி உக்காந்தவரு சாவியத் திருகலையாம். உக்காந்தே இருந்தாராம். சனமெல்லாம் சத்தம் போட்டு, கண்டக்டரு பையன் கையப் புடிச்சு எறக்கிக் கூட்டியாந்து ஊட்டுல உட்டுட்டுப் போனான்.

ஆகாததுக்கு ஒரு மனுசன் பயப்படுவானா? நீயே சொல்லு. ஏதாவது ஆகியிருந்தா எனக்கும் புரிஞ்சிருக்கும். காலு போயிருந்தா மடியில போட்டுப் பாத்திருப்பேன். இது கைகாலெல்லாம் நல்லா இருக்குது, ஆனா கை நடுங்குது. நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கறாரு. உள்ளங்கை வேர்த்து ஊத்துது. மூச்சு எட்ட மாட்டேங்குது, செத்துப் போயிருவேன் போலிருக்குதுன்னு என் கையப் புடிச்சுக்குவாரு. நெஞ்சுக்குப் படம் எடுத்துப் பாத்தா ஒண்ணுமே இல்லீங்கறாங்க. நானும் கோயில் கோயிலாக் கூட்டிட்டுப் போனேன். கயிறு கட்டுனேன், மந்திரிச்சேன், சேவல் சுத்திப் போட்டேன். பேய் புடிச்சிருந்தாக் கூடத் தேவலைன்னு ஆயிருச்சு எனக்கு. பேயின்னா ஓட்டறதுக்கு ஆளு இருக்குதில்ல?

சிரிக்கற. நானும் அன்னைக்குச் சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

கடசியில ஈரோட்டுல ஒரு டாக்டருகிட்டப் போனோம். மனசுக்குப் பாக்கற டாக்டரு. ஊருக்குள்ள நான் நரம்பு டாக்டருன்னு சொல்லிட்டேன். நரம்புன்னா ஒரு மரியாதை இருக்குது, மனசுன்னா சிரிப்பாங்க. அங்கதான் அந்தக் கெரகம் புடிச்ச கூடை எங்குடும்பத்துக்குள்ள வந்துச்சு. பக்கத்துல ஒரு பொம்பள, அவளும் வைத்தியத்துக்கு வந்தவதான், உக்காந்து ஒயர் கூடை பின்னிட்டு இருந்தா. இவரு பெஞ்சே ஆடற மாதிரி நடுங்கிட்டு இருக்கறாரு. அவ திரும்பிப் பாத்துப்போட்டு, "அண்ணா, இந்த முனையச் சித்த புடிங்க"ன்னு ஒரு கறுப்பு ஒயர இவரு கையில குடுத்தா. இவரு புடிச்சாரு. அவ இழுத்தா. "இப்ப இதுக்கு மேல இதப் போடுங்க"ன்னா. போட்டாரு. எங்களக் கூப்புடறப்ப இவரு கை நடுங்கவே இல்ல கண்ணு. நான் கட்டுன கயிறுக்கெல்லாம் அடங்காத கை, எவளோ குடுத்த ஒயருக்கு அடங்கிப் போச்சு. எனக்குச் சந்தோசம் பாதி, எரிச்சல் பாதி. போறப்ப அந்தப் பொம்பள மிச்ச ஒயர இவருகிட்டயே குடுத்துட்டுப் போயிட்டா. டாக்டரும் கேட்டுப்போட்டு, மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், இதையும் உடாமப் பண்ணுங்கன்னுட்டாரு.

சரி, டாக்டரே சொன்னப்பறம் என்ன பண்றது? நானே கடை வீதிக்குப் போயி கட்டுக் கட்டா ஒயரு வாங்கியாந்து போட்டேன். பச்ச, செவப்பு, மஞ்சள்னு வாங்கியாருவேன். எத்தன கலரு குடுத்தாலும் அந்தப் பொம்பள குடுத்த கறுப்பு ஒயருல ஒரு துண்டு எப்பவும் பாக்கெட்டுல வெச்சிருப்பாரு. வெளிய போனா உள்ளங்கையில வெச்சு முடிச்சுப் போடுவாரு, அவுப்பாரு, மறுக்கா போடுவாரு.

ஊட்டுல உக்காந்து பின்னறப்ப பாக்கோணும் நீ. மொதல்ல கூடைக்கு அடி போடோணும். ஒயர ரெண்டா மடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு போட்டு, சந்துல உட்டு, நாலு முனையும் ஒட்டுக்கா இழுத்தா ஒரு முடிச்சு உழுகும். அந்த முடிச்சு இறுகறப்ப அவரு மூச்சும் கீழ எறங்கும். அடுத்த முடிச்சு, அடுத்த மூச்சு. படபடன்னு வர்ற நாளுல மொத வரிசை கோணையாப் போகும், மூணாவது வரிசையில நேராயிரும். அந்த நாளுல நானும் சித்த தூங்குனேன், இல்லீங்கல.

ஆனா ஒண்ணு சொன்னேன். கதவச் சாத்திட்டுத்தான் பின்னோணும்னு சொன்னேன். ஏன்னு கேக்கறயா? நாச்சிமுத்து டிரைவரு ஊட்டுல உக்காந்து பொம்பளையாட்டம் கூடை பின்னறான்னு ஊரு பேசினா அந்த மனுசன் தாங்குவாரா? அவருக்காகத்தான் சொன்னேன். பக்கத்து ஊட்டுக்காரி ஒரு நா உள்ள வந்து கூடையப் பாத்துப்போட்டு, "அட, யாரக்கா பின்னுனது?"ன்னா. நாந்தான்னேன். வேற என்ன சொல்லறது? அவ நாலு பேருகிட்டச் சொல்ல, அவங்க வந்து கேக்க, எல்லாத்துக்கும் நாந்தான் நாந்தான்னு சொல்லிச் சொல்லி, அப்பறம் பாரு, எனக்கும் சொல்லிக் குடுங்கன்னு பொம்பளைங்க வந்து நிக்க ஆரமிச்சுட்டாங்க. எனக்கு ஒரு முடிச்சு போடத் தெரியுமா? ரோஜாப்பூ மாலை கட்டுனாலே எனக்கு அவுந்து போகும். என்ன பண்ணுனேன்னா, மணிக்கட்டு பெசகிக்கிச்சுன்னு சொல்லி, மஞ்சப் பத்துப் போட்டுத் துணியச் சுத்திக்கிட்டேன். அந்தப் பொம்பளைங்க வர்றப்ப எல்லாம் பத்து. அந்தப் பத்த அரச்சு எனக்குப் போட்டு உட்டதே அவருதான். என் நல்ல கைக்கு, மெதுவா, நோகாமப் போட்டு உடுவாரு.

எம்பொண்ணு சுகந்திக்கு மட்டும் இது புடிக்காது. "அப்பா பண்றத ஏம்மா நீ பண்றேன்னு சொல்ற?"ம்பா. சின்னப் புள்ள, அவளுக்கு என்ன தெரியும்? அவளுக்குத்தான் வரன் பாத்துட்டு இருந்தோம். அப்பனுக்கு மனசு சரியில்லைன்னு தெரிஞ்சா எவன் பொண்ணெடுப்பான்?

அதுலதான் வேலாயுதம்பாளையத்து எடம் அமைஞ்சுது. நல்ல குடும்பம். உப்பு சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணிக்கிட்டு, கல்யாணத்துக்குப் போன வைகாசியில நாள் குறிச்சோம். அன்னிக்கே இவரு சொல்லிட்டாரு, வர்ற சனத்துக்குத் தாம்பூலப் பையி வாங்க வேண்டாம், நானே பின்னறேன்னு. சின்னச் சின்னக் கூடை கண்ணு. ஒரு தேங்கா, வெத்தல பாக்கு, ரெண்டு பழம் வெக்கற மாதிரி. அந்தக் காலம் பூரா ஊடே கூடையாக் கெடந்துச்சு. கட்டலுக்கடியில கூடை, பரண் மேல கூடை. வெரலெல்லாம் ஒயரு அறுத்து வரி வரியா இருக்கும், தேங்கெண்ண தடவிக்கிட்டுப் பின்னுவாரு. இடையில பாட்டுக்கூட முணுமுணுப்பாரு. நான் அவரக் கட்டிக்கிட்டு வந்த புதுசுல இருந்த மொகம் அப்ப திரும்ப வந்துச்சு. அது நெசம். அந்த மொகத்த நான் பாத்தேன்.

சம்பந்தியம்மா ஒரு நா ஊட்டுக்கு வந்தாங்க. கூடைய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு, "இத்தனையும் நீங்களே பின்னுனீங்களா சம்பந்தி? என்ன கை உங்களுக்கு!"ன்னாங்க. இவரு அங்கதான் நிக்கறாரு. நான் என்ன சொல்லுவேன்னு தெகச்சு நிக்கறேன். இவரே முந்திக்கிட்டு, "அவ கை அப்படீங்க"ன்னாரு. சொல்லிப்போட்டு காப்பி கொண்டு வரேன்னு உள்ள போயிட்டாரு. பாரு, எத்தன நல்ல மனுசன்னு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. சுகந்திதான் அன்னிக்கு மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டா.

இனிதான் இருக்குது.

தாரை வாக்கறது பாத்திருப்பயில்ல? பொண்ணு கைய மாப்பள கையில வெச்சு அப்பன் புடிச்சுக்குவான், ஆத்தா சொம்புல தண்ணி ஊத்துவா. புருசனும் பொண்டாட்டியும் சேந்து நின்னாத்தான் அது. ஒருத்தரு இல்லீன்னா இன்னொருத்தரும் எறங்கிரோணும். பொண்ணப் பெத்ததுல இருந்து நான் நெனச்சது அந்த ஒரு நிமிசத்தத்தான். பொண்ணுக்கு நக போட்டமா, சீரு செஞ்சமான்னு எல்லாம் அப்பறம். அந்தத் தண்ணிய என் கையால ஊத்தோணும். அவ்வளவுதான் எனக்கு.

மண்டபத்துல காலையிலயே இவருக்குக் கை வேர்க்க ஆரமிச்சுருச்சு. என்னையத் தனியாக் கூப்புட்டாரு. "வசந்தா, மணவறையில அத்தன சனம் பாக்குமே. ஒரு சாண் ஒயரு மடியில வெச்சுக்கறேன். நடுவால ஒருக்கா தொட்டுப் பாத்துக்குவேன், அவ்வளவுதான். ஒருத்தருக்கும் தெரியாது"ன்னாரு. சரி வெச்சுக்கங்கன்னேன். கெஞ்சற மனுசங்கிட்ட வேற என்ன சொல்லறது? பட்டு வேட்டிய நாந்தான் கட்டி உட்டேன். கட்டறப்ப பாத்தா, மடியில அந்தக் கறுப்பு ஒயரு! மங்கள காரியம், தாலி ஏறப் போற நேரம், அப்பன் மடியில கறுப்பா? நீயே சொல்லு கண்ணு, உன்ற கல்யாணத்துல உங்கம்மா உடுவாங்களா? மஞ்சள் ஒயரா இருந்தாக் கூட நான் கண்டுக்காம உட்டிருப்பேன். மெதுவா அத எடுத்துப்போட்டு, அந்த எடத்துல ஒரு மஞ்சக் கொம்பு வெச்சு மடிச்சு உட்டேன். அவருக்குத் தெரியாது. நல்லதுதானே பண்ணுனேன்? மஞ்சள விட ஒரு பாதுகாப்பு இருக்குதா?

ஏங்கண்ணு வெரலப் பெசஞ்சுட்டே இருக்கற? குளுருதா? சன்னல வேணும்னா சாத்திக்க.

மணவறையில நின்னோம். கூட்டம்னா கூட்டம், அப்படியொரு கூட்டம். போட்டோக்காரன் லைட்ட மூஞ்சிக்கு நேராப் புடிக்கறான். மேளம் அடிக்குது. ஐயரு பொண்ணு கையப் புடிங்கன்னாரு. இவரு நெத்தியில வேர்வ மணி மணியா நிக்குது. வலது கை மெல்ல மடிக்குப் போச்சு. தொட்டாரு. தடவுனாரு. மறுக்கா தடவுனாரு. அப்பறம் என்னையத் திரும்பிப் பாத்தாரு.

கோவமாப் பாத்திருந்தாப் பரவால்ல. கோவம் இல்ல. தண்ணிக்குள்ள முழுகறவன் கரையில நிக்கறவளப் பாக்கற மாதிரி பாத்தாரு. நான் கண்ணுலயே சாடை காட்டுனேன், ஒண்ணுமில்ல, நில்லுங்க, நான் இருக்கறேன்னு. எம்பொண்ணு கையத் தூக்கி, "அப்பா, புடிங்கப்பா"ன்னா. இவரு அவ கைய ஒருக்கா தொட்டாரு. தொட்டுப்போட்டு மணவறையவிட்டு எறங்கிப் போயிட்டாரு.

சனம் வழி உட்டுச்சு. அவசரமா வெளிய போறாரு போலிருக்குதுன்னு நெனச்சாங்க. ஐயரு நேரமாவுது நேரமாவுதுங்கறாரு. எங்கொழுந்தனாரு தங்கவேலு ஓடி வந்தாரு, நாங்க நிக்கறோம் அண்ணின்னாரு. அவரு பொண்டாட்டி ருக்குமணி வந்து பக்கத்துல நின்னா. நான் சொம்பு கையில வெச்சுட்டு நிக்கறேன் கண்ணு. வெள்ளிச் சொம்பு. நெறையத் தண்ணி. ருக்குமணி கைய நீட்டுறா, "குடுங்கக்கா"ன்னு. குடுத்தேன். குடுத்துப்போட்டு எறங்கிக் கீழ வந்து, கூட்டத்தோட கூட்டமா நின்னு எம்பொண்ணு கல்யாணத்தப் பாத்தேன். எவளோ ஒருத்தி பெத்த புள்ளைக்கு மொய் வெக்க வந்தவளாட்டம் நின்னேன்.

இத நெனச்சா எனக்கு இன்னும் அழுக வரும். இரு, மூக்கத் தொடச்சுக்கறேன்.

மாப்பள ஊட்டுல சக்கரை கொறஞ்சு மயக்கம் வந்துருச்சுன்னு சொல்லிச் சமாளிச்சோம். சக்கரைக்கு இன்னைக்கு எல்லா ஊட்டுலயும் மரியாதை இருக்குது. அப்பறம் தேடிப் போனேன். சாமான் ரூமுல இருந்தாரு. தாம்பூலக் கூடையெல்லாம் அங்கதான் குமிச்சு வெச்சிருந்துச்சு. அதுக்கு நடுவுல தரையில உக்காந்து, ஒரு கூடைய மடியில கவுத்து வெச்சு, அடியில இருக்கற முடிச்ச ஒண்ணொண்ணாத் தடவிட்டு இருக்கறாரு. மூச்சு எறங்கியிருந்துச்சு. நல்லாத்தான் இருந்தாரு! அதுதான் எனக்கு ஆத்தரம். அங்க எம்பொண்ணுக்கு எவளோ தண்ணி ஊத்தறா, இங்க இவரு கூடையத் தடவிட்டு நல்லா இருக்கறாரு.

ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "பெத்த புள்ள கையப் புடிக்கத் துப்பில்லாத கை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"ன்னேன். கோவத்துல எல்லாரும் சொல்றதுதான். எங்கப்பன் எங்காத்தாளச் சொல்லாத வார்த்தையா? மடியில மஞ்சக் கொம்பு இருந்துச்சுன்னு கூட அவரு சொல்லல. ரெண்டு கையையும் விரிச்சுப் பாத்தாரு. பாத்துப்போட்டு அப்படியே தொடைக்கடியில சொருவி, அது மேல உக்காந்துக்கிட்டாரு.

பொழுதோட சனமெல்லாம் கூடைய வாங்கிட்டுப் போச்சு. சம்பந்தியம்மா எங்கையப் புடிச்சு, "உங்க கைக்குத் தங்க வளையல்தான் போடோணும்"ன்னாங்க. சரீங்க சம்பந்தின்னேன். அந்த நேரத்துல என்னத்தச் சொல்ல?

அன்னைலிருந்து இவரு ஒயரத் தொடல. நானும் பாத்தேன், நல்லதாப் போச்சுன்னு மிச்சமிருந்த ஒயரையெல்லாம் கேட்டவங்களுக்குக் குடுத்துட்டேன். கெரகம் ஊட்ட விட்டுப் போச்சு. இப்ப அவருக்குச் சுத்தமாக் கொணமாயிருச்சு கண்ணு. நெசமாத்தான் சொல்றேன். காலையில எந்திரிச்சா நாற்காலியில உக்காந்துக்குவாரு, ரெண்டு கையும் தொடைக்கடியில. சாப்புடக் கூப்புட்டா எடுப்பாரு. சாப்புட்டதும் வெச்சுக்குவாரு. கை நடுங்குதாங்கன்னு கேப்பேன். இல்லைம்பாரு. நெஞ்சு அடிக்குதா? இல்லைம்பாரு. மூச்சு? இல்லைம்பாரு. எல்லாத்துக்கும் இல்லைதான். பேச்சுத்தான் கொறஞ்சு போச்சு, அது வயசு. மாத்திரையக் கூட நிறுத்திட்டோம், கொணமானவருக்கு எதுக்கு மாத்திரை?

நான் இட்டிலி மாவு அரச்சு விக்கறேன். அரைக்கறப்ப சில நேரம் திரும்பிப் பாப்பேன். அந்த நாற்காலியில அப்படியே உக்காந்திருப்பாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துரும். கொணமான மனுசனப் பாத்து நான் எதுக்கு அழுகோணும்னு எனக்கே தெரியல.

என்ன ஊரு இது, கொடுமுடியா? இன்னும் சித்த நேரந்தான்.

இப்ப எதுக்குப் போறேங்கற? எம்பொண்ணு போன வாரம் போன் பண்ணுனா. கொரலே சரியில்ல. என்னடீன்னேன். "அம்மா, அத்தை கூப்புட்டாலே நெஞ்சு படபடங்குது. அவங்க ஒண்ணுமே சொல்லலம்மா, நல்லாத்தான் பேசறாங்க. எனக்கு உள்ளங்கை வேர்த்து டம்ளரு நழுவுது. மூச்சு எட்ட மாட்டேங்குது"ங்கறா. மெதுவாப் பேசுடி, யாரு காதுலயாவது உழுந்தறப் போகுதுன்னேன். "அப்பாகிட்டக் குடும்மா"ன்னா. அப்பாகிட்ட எதுக்குன்னேன். "குடும்மா"ன்னு அழுகறா.

நாற்காலியில இருந்தவரு தொடைக்கடியில இருந்து கைய எடுத்தாரு. நான் கூப்புடாம அவரா எடுத்தாரு. போன வாங்கிக் காதுல வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் கேட்டாரு. "தெரியும் கண்ணு"ன்னாரு. மறுக்கா, "எனக்குத் தெரியும் கண்ணு"ன்னாரு. அப்பறம், "நீ பயப்படாத, நான் ஒயரு குடுத்தனுப்பறேன்"ன்னாரு.

வெச்சுப்போட்டு ஊடெல்லாம் தேடறாரு. கட்டலுக்கடியில குனிஞ்சு பாக்கறாரு, பரண்ல ஏறிப் பாக்கறாரு. எங்க இருக்கும்? நாந்தான் எல்லாத்தையும் குடுத்துட்டேனே. அடுப்படியில வெங்காயம் போட்டு வெக்கற கூடை ஒண்ணுதான் மிச்சம், அவரு மொதமொதல்ல பின்னுனது. வெங்காயத்தத் தரையில கொட்டிப்போட்டு அந்தக் கூடைய அவுக்க ஆரமிச்சுட்டாரு. பழைய முடிச்சு, லேசுல உடுமா? பல்லுல கடிச்சு, ஆணியில நெம்பி, பொழுதன்னைக்கும் அவுத்தாரு. அவுத்த ஒயரு சுருண்டு சுருண்டு நிக்குது. சுடுதண்ணியில போட்டெடுத்துத் தொடையில வெச்சு நீவி நீவி நேராக்குனாரு. அப்பறம் உக்காந்து அடி போட்டாரு. நான் பாத்துட்டே நின்னேன். கை நடுங்கிட்டே இருந்துச்சு கண்ணு. நடுங்க நடுங்கப் பின்னுனாரு. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. இத்தன நாளாக் கொணமா இருந்தது, மறுக்கா வந்துருச்சேன்னு.

இன்னைக்குக் காலையில நான் கெளம்பறேன், இவரு சட்டை போட்டு, செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறாரு. எங்கீங்கன்னேன். "நானும் வரேன் வசந்தா. பஸ்ஸுல ஏறிருவேன். அவளப் பாக்கோணும்"ன்னாரு. பஸ்ஸுல கால் வெச்சு எத்தன காலமாச்சு அந்த மனுசன்! வேண்டாங்க, அங்க வந்து உங்களுக்குப் படபடப்பு வந்துச்சுன்னா நான் அவளப் பாப்பனா, உங்களப் பாப்பனான்னேன். அப்பறம் செருப்பக் கழட்டி வெச்சுப்போட்டு, துண்டுல சுத்தி அந்தக் கூடையக் கையில குடுத்தாரு. கூடை எங்க, வெறும் அடிதான், மிச்ச ஒயரெல்லாம் நாலா பக்கமும் தொங்குது. "அடி போட்டுட்டேன்னு சொல்லு. அடிதான் சிரமம். மிச்சத்த அவளே போட்டுக்குவா. அவளுக்கு வரும்"ன்னாரு. இந்த ஒரு வருசத்துல அவரு பேசுனதுலயே பெரிய பேச்சு அதுதான்.

என்ன கேக்கற? பொம்பளப் புள்ள கூடை பின்னுனா யாரு என்ன சொல்லப் போறாங்கன்னா? சம்பந்தியம்மாவுக்குக் கூடைன்னா புடிக்குந்தான். எங்கம்மா சொல்லிக் குடுத்ததுன்னு சொன்னா நம்பிக்குவாங்கதான். ஆனா எனக்குத் தெரியுமில்ல கண்ணு, அது எதுக்குன்னு? அவ கையில ஒயரப் பாத்தா எனக்கு அந்த மண்டபந்தான் ஞாபகத்துக்கு வரும். நாளைக்கு அவளும் ஒரு எடத்துல நிக்க மாட்டாம எறங்கிப் போவா. ஒரு ஊட்டுல ஒண்ணு போதும். ஈரோடு பஸ் ஸ்டாண்டுல ஒரு பூக்காரம்மா உக்காந்திருந்தா, அவகிட்டக் குடுத்துட்டேன், இத நீ வெச்சுக்கன்னு. "அடி மட்டும் இருந்தா என்னத்துக்குங்க ஆகும்?"னு அவளும் கேக்கறா. தூக்கிப் போட்டாலும் போட்டிருப்பா. அவரு கேட்டா குடுத்துட்டேன், சந்தோசப்பட்டான்னு சொல்லிக்கறேன். கேக்க மாட்டாரு.

வந்துருச்சு, அந்த ஆர்ச்சுத் தாண்டினா எறங்கோணும். பையச் சித்த எடுத்துக் குடு. எம்பொண்ணப் பாத்து என்ன சொல்லோணும்னு வர்ற வழியெல்லாம் ரோசன பண்ணிட்டேன். தனியாக் கூப்புட்டு, கதவச் சாத்திப்போட்டுச் சொல்லுவேன். படபடன்னு வந்துச்சுன்னா யாருகிட்டயும் சொல்லாத சாமி, ஒயரு கியருன்னு கேக்காத. ரெண்டு கையையும் தொடைக்கடியில வெச்சு, அது மேல அழுத்தி உக்காந்துக்க. உங்கப்பனப் பாரு. ஒரு சத்தமில்ல இப்ப.